புழுவை ஏன் இன்னும் எடுக்கவில்லை?

“மூளையில் புழு இருப்பதாக அறிக்கையில் எழுதியிருக்கிறது. அதை ஏன் இன்னும் எடுக்கவில்லை, டாக்டர்?” எங்கள் நரம்பியல் அறுவைப் பிரிவின் புறநோயாளர் அறையில் இக்கேள்வியைக் கேளாத வாரம் அரிது. கேட்பவர் பெரும்பாலும் தாய். சில வேளைகளில் அண்ணன், அல்லது அண்மையில் மணமான கணவர். ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறையை மார்போடு அணைத்தபடி அமர்ந்திருப்பார்கள். முதல் வலிப்பு வந்து பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகியிருக்கும். அதற்குள் உறவினர் பலர் பல வழி சொல்லியிருப்பார்கள். அத்தனை பேரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயிருப்பார்கள்: பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்து எடுத்துவிடுவார்கள்.

நாங்கள் அறுவை மருத்துவர்கள். அறுப்பது எங்கள் தொழில். அப்படியிருந்தும் இவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் “அறுவை வேண்டாம்” என்று சொல்லி, மாத்திரைச் சீட்டை எழுதி அனுப்பிவைக்கிறோம். அப்போது அவர்கள் முகத்தில் நிம்மதியைக் காட்டிலும் ஐயமே மிகுதியாகத் தெரிகிறது. பணம் இல்லாதவர் என்று எண்ணிவிட்டார்களோ, நோய் முற்றிவிட்டதால் கைவிட்டார்களோ என்று கலங்குகிறார்கள். சிலர் வேறோர் ஊருக்குச் சென்று, அறுப்பதற்கு ஒப்புக்கொள்ளும் மருத்துவரைத் தேடுகிறார்கள். மற்றொரு புறம், உண்மையிலேயே அறுவை வேண்டியவரிடம் நாங்கள் அதைச் சொல்லும்போது, “புழுவுக்குத்தான் மாத்திரை இருக்கிறதாமே” என்று எழுந்துபோய்விடுகிறார்கள். இந்த இரண்டு தவறுகளையும் பற்றி எங்கள் கருத்தை இம்மடலில் வெளிப்படையாக எழுத விரும்புகிறோம்.

முதலில் அந்தப் புழு எது என்பதைப் பார்ப்போம். நம் பகுதியில் மூளையில் காணப்படும் ஒட்டுண்ணிகளுள் மிகுதியானது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். முழு வளர்ச்சி பெற்ற நாடாப்புழு மனிதக் குடலில் வாழ்கிறது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. கழுவாத கையின் வழியாகவோ, மாசுபட்ட நீர், காய்கறி ஆகியவற்றின் வழியாகவோ அம்முட்டைகள் ஒருவர் வயிற்றுக்குள் சென்றால், அவற்றிலிருந்து வெளிப்படும் நுண்ணிய உயிர்கள் குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் செல்கின்றன. மூளையில் தங்கியது ஊர்வதில்லை, மூளையைத் தின்பதுமில்லை. நீர் நிறைந்த ஒரு சிறு பைக்குள் அது அடங்கிக் கிடக்கிறது. ஸ்கேனில் வட்டமாகத் தெரிவது அந்தப் பை. அதனுள் புள்ளி போல் தெரிவது புழுவின் தலை.

உயிரோடு இருக்கும் வரை அது நம் உடலின் எதிர்ப்பாற்றலை ஏமாற்றிக்கொண்டு ஓசையின்றி இருந்துவிடக்கூடும். இந்தியாவில் பணியாற்றித் தாயகம் திரும்பிய பிரித்தானியப் படைவீரர்கள் உள்ளிட்ட 450 நோயாளிகளைப் பற்றிய அறிக்கையொன்று 1961இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்குத் தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழித்தே வலிப்பு தோன்றியிருந்தது. புழு நலிந்து சாகத் தொடங்கும்போதுதான் உடல் அதை அடையாளம் கண்டு தாக்குகிறது. பையைச் சுற்றி வீக்கம் உண்டாகிறது. அந்த வீக்கம் மூளையின் மேற்பரப்பை உறுத்தும்போது வலிப்பு வருகிறது. ஆகவே வலிப்போடு ஒருவர் எங்களிடம் வந்து சேரும் வேளையில், பெரும்பாலும் அந்தப் புழு செத்துக்கொண்டிருக்கிறது, அல்லது செத்தே விட்டது. “எடுக்கவில்லையே” என்று கவலைப்படும் தாயிடம் நாங்கள் சொல்வதும் இதுதான்: அம்மா, உடல் தானாகவே அதை எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதை நாங்கள் புத்தகத்தை மட்டும் நம்பிச் சொல்வதில்லை. இதற்குப் பின்னால் நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு வரலாறு இருக்கிறது. சி.டி. ஸ்கேன் இந்தியாவுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், வலிப்பு வந்தவர்களின் மூளையில் சிறிய வளையம் போன்ற ஒற்றைக் கட்டி அடிக்கடி தென்பட்டது. காசநோய் மலிந்த நாடு ஆதலால், அது காசநோய்க் கட்டியாகவே இருக்கும் என்று பலரும் கருதினர். எண்ணற்றவர்கள் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரைகளை விழுங்கினார்கள். சில வாரங்களில் கட்டி மறைந்தபோது, மாத்திரையால் மறைந்தது என்று எல்லாரும் நம்பினார்கள். மாத்திரை உண்ணாதவர்களுக்கும் அது மறைந்தது என்பது பிறகுதான் கவனத்துக்கு வந்தது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள், மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும், 1980களின் பிற்பகுதியிலும் அதை அடுத்தும் இத்தகைய கட்டிகள் சிலவற்றை அறுவையின் மூலம் எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். பலவற்றில் இருந்தது காசநோய் அன்று, நாடாப்புழுவின் இளம்பருவம்தான். அதன் பிறகு அவர்கள் செய்ததே எங்கள் பார்வையில் பெரிய செயல். எந்த நோயாளிக்கு அறுக்காமலேயே இதை உறுதியாகச் சொல்லலாம் என்பதற்கு வரையறை வகுத்து 1993இல் வெளியிட்டார்கள். கட்டி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். 20 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதைச் சுற்றிய வீக்கம் மூளையின் நடுக்கோட்டை ஒதுக்கித் தள்ளும் அளவுக்கு இருக்கக்கூடாது. நோயாளியிடத்தில் மூளை அழுத்தம் உயர்ந்ததற்கான அறிகுறியோ, நாளுக்கு நாள் பெருகும் கைகால் தளர்ச்சியோ, உடலில் காசநோய் முதலிய வேறு நோயோ காணப்படக்கூடாது. பின்னர்ப் புதிய நோயாளிகளிடத்திலும் இதைச் சோதித்து, அந்த முடிவை 1997இல் வெளியிட்டார்கள். வரையறை நின்றது.

அறுவை மருத்துவர்களே அறுத்துப் பார்த்து, “இனி இதற்காக அறுக்க வேண்டியதில்லை” என்று எழுதிவைத்தார்கள். எங்கள் துறையின் வரலாற்றில் இதனினும் நேர்மையான பக்கம் ஒன்றை எங்களால் எளிதில் காட்ட இயலாது. இன்று உங்கள் மகனின் தலையைத் திறக்காமல் மாத்திரைச் சீட்டோடு நாங்கள் அனுப்புகிறோம் என்றால், முன்னொரு தலைமுறையில் அறுவை மேசையில் படுத்த சிலரின் வழியாகக் கிடைத்த அறிவு அது.

ஆனால் அந்த வரையறையை மறுபுறம் திருப்பியும் படிக்க வேண்டும். கட்டி பெரியது, அல்லது வீக்கம் கடுமையானது, அல்லது வாரந்தோறும் கை தளர்ந்துகொண்டே வருகிறது, அல்லது சில மாதங்கள் கழித்து எடுத்த படத்தில் கட்டி சுருங்குவதற்குப் பதிலாக வளர்ந்திருக்கிறது. இவற்றுள் ஒன்று இருந்தாலும் ‘புழுவாகத்தான் இருக்கும்’ என்று காத்திருப்பது பிழை. காசநோயாகவோ, வேறு கிருமியாகவோ, புற்றுக் கட்டியாகவோ இருக்கலாம். அங்கே ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பதற்காக நாங்கள் அறுவையைப் பரிந்துரைத்தால், அது ஆராய்ச்சிக்காக அன்று. தெரியாத நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதைவிட அது பாதுகாப்பானது.

மாத்திரையைப் பற்றி ஒரு சொல். பள்ளிகளில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குழந்தைகளுக்குக் குடற்புழு நீக்கத்துக்காகக் கொடுக்கப்படும் அல்பெண்டசோல்தான் மூளைப் புழுவுக்கும் பயன்படும் முதன்மை மருந்து. பள்ளியில் கொடுப்பது குடலுக்கான ஒரே வேளை மருந்து. அதைத் தவறாமல் உண்ணச் செய்யுங்கள். மூளைக்கு வரும்போது கணக்கே வேறு. உயிருள்ள பை ஒன்றோ இரண்டோ இருப்பவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில் 10 முதல் 14 நாள் வரை கொடுப்பது வழக்கம். பைகள் மிகுதியாக இருந்தால் பிராசிகுவாண்டல் என்னும் மருந்தும் சேரும். இதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் நீங்களே வாங்கிவிடலாம் என்று எண்ணினால், அங்கேதான் ஆபத்து இருக்கிறது. புழு சாகும்போது வீக்கம் வருகிறது என்று மேலே சொன்னோம். மருந்து புழுக்களை விரைந்து கொல்லும். பல புழுக்கள் ஒருசேரச் செத்தால் வீக்கமும் ஒருசேர வரும். ஆகவேதான் மருந்து தொடங்கும் முன்னரே வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டைத் தொடங்குகிறோம். கண்ணின் உட்புறத்தையும் சோதிக்கச் சொல்கிறோம். கண்ணுக்குள் புழு இருந்து, அது மருந்தால் செத்தால், அந்த வீக்கம் பார்வையைக் கெடுக்கும். “தலைவலிக்கு வந்தோம், கண் டாக்டரிடம் ஏன் அனுப்புகிறார்கள்” என்று சலித்துக்கொள்பவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். மூளை முழுவதும் வீங்கியிருக்கும் நிலையிலும், மூளை நீர் தேங்கி அழுத்தம் உயர்ந்திருக்கும் நிலையிலும் புழுக்கொல்லி மருந்தைக் கொடுப்பதே தீங்கு. அழுத்தத்தைத் தணித்த பிறகே மருந்தைப் பற்றிப் பேச்சு.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அறுவையின் இடம் இருக்கிறது. மூளைக்குள் நான்கு நீரறைகள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீர் அங்கே சுரந்து, குறுகிய வழிகளின் ஊடே ஓடி, மூளையின் வெளிப்புறத்தை அடைந்து, இரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஏரி நீர் மதகின் வழியாக ஓடுவதைப் போன்றதுதான் இது. புழுவின் பை இந்த அறைகளுள் ஒன்றில் தங்கிவிட்டால், அது மதகில் சிக்கிய பந்தாகும். பை மிதக்கக்கூடியது, ஆதலால் வழி ஒரு நேரம் திறந்திருக்கும், ஒரு நேரம் அடைபடும். தலையைக் குனியும்போதோ சட்டென்று திருப்பும்போதோ தாங்க முடியாத தலைவலி, வாந்தி, மயக்கம் வந்து, சற்று நேரத்தில் ஒன்றுமே நடவாதது போல் ஆகிவிடும். “நேற்று விழுந்தான், இன்று நன்றாக இருக்கிறான்” என்று வீட்டார் நிம்மதியடைகிறார்கள். நாங்கள் அந்தச் சொற்களைக் கேட்டுத்தான் அஞ்சுகிறோம். அடுத்த முறை வழி முழுவதும் அடைபட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம்.

இங்கே மாத்திரையை முதலில் கொடுத்துப் பார்க்கலாம் என்பது செல்லாது. மருந்தால் பை நலிந்தால் சுற்றிலும் அழற்சி உண்டாகி, அது அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மிதக்கும் பையை எடுப்பது ஓரளவு எளிது. ஒட்டிய பையைப் பிய்ப்பது இரத்தப்போக்கை வரவழைப்பது. ஆகவே பக்க அறைகளிலும் மூன்றாம் அறையிலும் உள்ள பையை, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, திரையில் பார்த்தபடியே பிடித்து வெளியே எடுக்கிறோம். மூளையின் பின்புறம் கீழே உள்ள நான்காம் அறையிலிருந்தும் எடுக்க வேண்டியிருக்கும். மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் பகுதி அதன் அருகில் இருப்பதால், பலருக்கு அதைப் பிடரிப் பக்கம் திறந்து, நுண்ணோக்கியின் உதவியோடு செய்கிறோம். பை முழுதாக வெளியே வந்த பிறகு பலருக்கு நீரோட்டம் தானாகவே சீராகிவிடும். குழாய் பொருத்தும் தேவை இல்லாமற் போகும். இதற்காகவே நாங்கள் விரைவுபடுத்துகிறோம்.

பை ஒட்டிப்போனவர்களுக்கும், மூளையின் அடிப்பரப்பில் அழற்சி பரவி நீர்வழி தூர்ந்தவர்களுக்கும் ‘ஷண்ட்’ என்னும் குழாயைப் பொருத்துகிறோம். நீரறையிலிருந்து தொடங்கி, காதின் பின்னால், கழுத்து, மார்பு ஆகியவற்றின் தோலுக்கு அடியில் இறங்கி, வயிற்றுக்குள் முடியும் குழாய் அது. இதைப் பொருத்திவிட்டால் கதை முடிந்தது என்று நாங்கள் ஒருபோதும் சொல்வதில்லை. சொன்னால் அது பொய். இந்நோயில் அழற்சியின் காரணமாகக் குழாய் அடைபடுவது அடிக்கடி நேர்வது. மறு அறுவை வேண்டியிருக்கலாம். ஸ்டீராய்டு மருந்தை ஒழுங்காக உண்பது அடைப்பின் வாய்ப்பைக் குறைக்கிறது. குழாய் உள்ளவருக்குப் புதிதாகத் தலைவலி, வாந்தி, பகலிலும் நீங்காத தூக்கம், காய்ச்சல், குழாய் செல்லும் வழியில் சிவப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அடுத்த வருகைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்கு வரவேண்டும். இரவு இரண்டு மணியாக இருந்தாலும் வரலாம். அதற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

எங்களுக்கு மறக்க முடியாத ஓர் இளைஞர் உண்டு. குனிந்து செருப்பின் வாரை மாட்டும்போது விழுந்தார் என்று அழைத்துவந்தார்கள். நான்காம் அறையில் பை. மறுநாளே அறுவை என்றோம். ‘தலையைத் திறந்தால் பழைய ஆளாக வரமாட்டான்’ என்று குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் சொல்ல, கையெழுத்திட்டு வெளியேறினார்கள். ஆறாம் நாள் நினைவின்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைத்தார், ஆயினும் பார்வையின் பெரும்பகுதி திரும்பவில்லை. அழுத்தம் பார்வை நரம்பை அத்தனை நாள் நசுக்கியிருந்தது. அந்தப் பெரியவர் மீது எங்களுக்குச் சினமில்லை. ‘புழு’ என்ற ஒரே சொல்லை இருவேறு நிலைகளுக்கும் பயன்படுத்திவிட்டு, வேறுபாட்டை விளக்குவதற்கு அன்று நாங்கள் பத்து நிமிடமே ஒதுக்கினோம். அந்த வருத்தம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது.

அறுவையே முதன்மைச் சிகிச்சையாக உள்ள ஒட்டுண்ணியும் உண்டு. நாயின் குடலில் வாழும் மிகச் சிறிய நாடாப்புழு ஒன்றின் முட்டை மனிதருக்குள் சென்றால், பெரும்பாலும் கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி உண்டாகிறது. அரிதாக மூளையிலும் உண்டாகும். மூளையில் வருவது பெரும்பாலும் சிறுவர்களுக்கே. ஆட்டுக் கழிவு இறைச்சியை நாய்க்குப் போடும் வழக்கம் உள்ள இடங்களில் இந்தப் புழு தழைக்கும். மூளையில் உள்ள கட்டி மெல்ல மெல்லப் பெருத்து, ஆரஞ்சுப் பழத்தளவும் அதற்கு மேலும் ஆகக்கூடும். “ஊசியால் குத்தி நீரை உறிஞ்சிவிடலாகாதா?” என்று கேட்கிறார்கள். கூடாது. அந்த நீரில் ஆயிரக்கணக்கான புழுத்தலைகள் மிதக்கின்றன. சிந்தினால் கடும் ஒவ்வாமை உடனே வரலாம், புதிய கட்டிகள் பின்னர் முளைக்கலாம். ஆகவே மண்டையோட்டை அகலத் திறந்து, கட்டிக்கும் மூளைக்கும் இடையே வெதுவெதுப்பான உப்புநீரை மெல்லச் செலுத்தி, தலையைச் சாய்த்து, கட்டி தன் எடையாலேயே நழுவி வெளியே வரும்படி செய்வார்கள். டவ்லிங், ஓர்லாந்தோ என்னும் மருத்துவர்களின் பெயரால் வழங்கும் முறை இது. கருவிகள் இத்தனை பெருகிய காலத்திலும் இந்த அறுவையில் முதன்மையான கருவி நீரும் பொறுமையும்தான். கட்டியின் சுவரோ ஈரத்தாள் போன்றது. அவசரக்காரர் கையில் கிழிந்துவிடும்.

அறுவை முடிந்தாலும் முடியாவிட்டாலும், வலிப்பு மாத்திரை என்பது தனிக் கணக்கு. படத்தில் கட்டி மறைந்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் பேருந்திலோ கிணற்றடியிலோ வலிப்பு வந்து விழுந்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறோம். எப்போது குறைப்பது என்பது கட்டி மறைந்ததா, சுண்ணாம்புப் புள்ளியாக எஞ்சியதா, கடைசி வலிப்பு வந்து எத்தனை காலமாயிற்று என்பவற்றைப் பொறுத்தது. அந்தப் புள்ளி வாழ்நாள் முழுவதும் படத்தில் தெரியலாம். அது உயிருள்ள புழு அன்று. அதை அகற்றச் சொல்லி எங்களை வற்புறுத்தாதீர்கள். வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதையும் விட்டுவிடுங்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்கு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்நோயைச் சுற்றி ஒரு வெட்கம் படர்ந்திருக்கிறது. “எங்கள் வீட்டில் பன்றிக்கறி வாசலுக்குள் வந்ததில்லை” என்று, நாங்கள் கேளாமலேயே தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். சரியாக வேகாத பன்றிக்கறி உண்பவருக்கு வருவது குடலில் நாடாப்புழு. மூளையில் வருவது முட்டையை விழுங்கியவருக்கு. அவர் முற்றிலும் சைவராக இருக்கலாம். நியூயார்க் நகரில் பன்றிக்கறியைத் தொடாத யூதர்கள் நான்கு பேருக்கு இந்நோய் வந்ததை 1992இல் மருத்துவர்கள் பதிவுசெய்தனர். அந்த வீடுகளில் சமைத்துப் பணிபுரிந்தவர்களில் சிலரின் குடலில் இருந்த நாடாப்புழுவே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். நம் ஊரில் பழி முட்டைக்கோசின் மேல் விழுகிறது. அதில் நெளியும் பச்சைப் புழு மூளைக்கு ஏறாது. கண்ணுக்குத் தெரியாத முட்டைதான் ஏறும். அது முட்டைக்கோசில் மட்டுமன்று, பச்சையாக உண்ணும் எந்தக் கீரையிலும், நகம் வெட்டாத எந்த விரலிலும் இருக்கலாம். வேலூர்ப் பகுதியில் நடந்த ஆய்வொன்றில், வலிப்பு நோய் உள்ளவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த ஒட்டுண்ணியே காரணம் என்று கண்டார்கள். இத்தனை பேருக்கு வரும் நோயை ஒரு குடும்பத்தின் குற்றமாக மறைப்பதில் பொருளில்லை. மறைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகளின் திருமணத்தை எண்ணியே மறைக்கின்றன என்பதை அறிவோம். வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் கூறியிருந்த பிரிவைச் சட்டத்திலிருந்தே 1999இல் நீக்கிவிட்டார்கள். மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மாத்திரையை ஒளித்து, ஒருநாள் உண்டு ஒருநாள் விட்டு வலிப்பை வரவழைத்துக்கொள்ளும் இளம்பெண்களை நாங்கள் இன்றும் பார்க்கிறோம். அந்த வீட்டாரை ஒருமுறை எங்களிடம் அழைத்துவாருங்கள்; பேசும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

வீட்டில் ஒருவருக்கு இந்நோய் வந்தால், அதே வீட்டில் யாருடைய குடலிலேனும் நாடாப்புழு இருக்கிறதா என்று மலச் சோதனை செய்யச் சொல்கிறோம். பலர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். குடற்புழுவை ஒரே வேளை மருந்தில் நீக்கிவிடலாம். அதைச் செய்யாமல் மூளையில் உள்ளதற்கு மட்டும் மருத்துவம் செய்தால், அதே தட்டிலிருந்து தங்கைக்கும் வரக்கூடும்.

இனி எங்களைக் காண வரும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள். புழு மூளையின் எந்தப் பகுதியில் இருக்கிறது? நீர் ஓடும் வழிக்கு அருகில் இருக்கிறதா? புழு என்பது உறுதிதானா, ஐயம் உண்டா? ‘எடுப்பீர்களா, மாட்டீர்களா’ என்பதற்கான விடை இம்மூன்றிலிருந்துதான் வரும். நாங்கள் அவசரத்தில் விளக்காமல் விட்டால், நாற்காலியிலிருந்து எழாமல் திரும்பக் கேளுங்கள். பழைய ஸ்கேன் படங்களை, மங்கியவை ஆயினும், எறிந்துவிடாமல் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். முதல் படம் கையில் இல்லாவிட்டால், மூன்றாம் படத்தில் உள்ள கட்டி சுருங்கியதா வளர்ந்ததா என்று எங்களால் சொல்ல இயலாது.